கூண்டில் கட்டுவதா, கண்ணாடியில் ஒட்டுவதா?

கார் எடுத்துக்கொண்டு வெளிநாடு போகிறவர்கள் கேள்வி அனுப்பலாம் என்று போன இதழில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்த ஓகஸ்டில் லண்டன் தமிழர் பாதிப்பேர் சூரிச்சில்தான் நிற்பார்கள் போலிருக்கிறது. அவ்வளவு கலியாணம். நான் பதினாறு வருடம் லண்டனிலிருந்து பரிசுக்கும் ஜெர்மனிக்கும் சாமான் ஏற்றி வான் ஓடியவன். தங்கை குடும்பம் சுவிஸில் இருப்பதால் அந்த வழியும் பழக்கம். படித்ததைவிடப் பட்டதுதான் அதிகம்.

“கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நானும் பிள்ளைகள் இருவரும் மட்டும் கலேயிலிருந்து சூரிச் வரை காரில் போகப் போகிறோம். பிள்ளைகளுக்கு 7 வயது, 11 வயது. பிரான்ஸ் பேயாஜில் (நெடுஞ்சாலைச் சுங்கக் கூண்டில்) எப்படிக் காசு கட்டுவது? நினைத்தாலே பயமாக இருக்கிறது.”
— குரொய்டன் வாசகி

பயம் வேண்டாம் தங்கச்சி, மூத்த பிள்ளை இருக்கிறதே. எங்கள் காரின் ஸ்ரியரிங் வலது பக்கம். பேயாஜ் மெஷின் இருப்பதோ இடது பக்கம். தனியாகப் போகிறவருக்கு இதுதான் பெரிய வில்லங்கம். பிரான்ஸில் 10 வயதுக்குக் குறைந்த பிள்ளை முன் சீற்றில் இருக்கக்கூடாது. உங்கள் மூத்தவருக்கு 11. அவரை முன்னால் இருத்துங்கள், ரிக்கெற் எடுப்பதும் காட் வைப்பதும் அவருடைய வேலை. இரண்டாவது கூண்டிலேயே உங்களை விடக் கெட்டிக்காரர் ஆகிவிடுவார்.

எனக்கு அப்படி யாரும் இருக்கவில்லை. 2003 மார்கழி, கலேயிலிருந்து ரெய்ம்ஸ் போகும் ஏ26 பாதை, விடியப்புறம் மூன்று மணி. கூண்டில் நிறுத்தி, இடது சீற்றுக்கு மேலால் தவழ்ந்து போய், கண்ணாடியை இறக்கி ரிக்கெற்றை இழுத்தேன். ஒரு காற்று. ரிக்கெற் போய்விட்டது. பின்னால் லொறிக்காரன் ஹோர்ன் அடிக்கிறான். இன்னொன்று எடுக்கலாம் என்று பொத்தானை அமத்தினால் மெஷின் தரவில்லை, தடை தூக்கிவிட்டது, சரி என்று ஓடிவிட்டேன். ரெய்ம்ஸில் காசு கட்டும் இடத்தில்தான் விசயம் விளங்கியது. ரிக்கெற் இல்லாதவன் அந்தப் பாதையின் ஆகக் கூடிய தூரம் ஓடி வந்தவனாகக் கணக்கு. அந்தப் பயணத்தில் கிடைத்த லாபத்தில் ஒரு பகுதி அங்கேயே போனது. ஆகையால் ரிக்கெற் கைக்கு வந்ததும் ஒரே இடத்தில் வையுங்கள். சண் வைசருக்குள் செருகுவதுதான் என் பழக்கம்.

கூண்டுக்கு மேலே உள்ள குறியைப் பாருங்கள். பச்சை அம்புக்குறி என்றால் எல்லாரும் போகலாம். கடன் அட்டைப் படம் மட்டும் இருந்தால் காட் மட்டும். செம்மஞ்சள் நிறத்தில் சின்ன ‘ட்டி’ எழுத்து மட்டும் இருந்தால் காசைத் தானாகக் கழிக்கும் மின்பட்டையைக் கண்ணாடியில் ஒட்டியவர்களுக்கு மட்டுமான வரிசை. அதற்குள் தெரியாமல் நுழைந்தால் பின்னுக்கு எடுக்கப் பார்க்காதீர்கள். உதவிப் பொத்தானை அமத்தினால் ஆள் கதைப்பார், ஆங்கிலமும் ஓரளவு ஓடும். வருடத்தில் இரண்டு மூன்று தரம் போகிறவர் என்றால் அந்த மின்பட்டையை லண்டனிலேயே தபாலில் எடுத்துவிடலாம், தவழும் வேலை மிச்சம்.

பிள்ளைகள் கதை வந்ததால் இன்னொன்று. லண்டனில் 135 சென்றிமீற்றர் உயரம் வந்தாலோ 12 வயது ஆனாலோ பூஸ்டர் சீற்றை எடுத்துவிடலாம். சுவிஸில் அந்த உயரம் 150. மூத்தவர் அதற்குக் குறைவென்றால் பூஸ்டரை வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். அவருக்குக் கோபம் வரும், வரட்டும்.

“பேயாஜ் கட்டாமல் சுவிஸ் போக வழி இருக்கிறதா?”
— ஈஸ்ட்ஹாம் வாசகர்

இருக்கிறது, எங்கள் வான்காரர் எல்லாரும் ஓடிய வழி. கலேயில் இறங்கி டன்கேர்க் பக்கம் திரும்பி பெல்ஜியத்துக்குள் போங்கள். பிரசல்ஸ், லக்சம்பேர்க், பிறகு ஜெர்மனிக்குள் கால்ஸ்ரூஹ வழியாக ஏ5 பாதையில் பாசல். காருக்கு இந்த வழியில் எங்கும் கூண்டு இல்லை. லக்சம்பேர்க்கில் பெற்றோலும் மலிவு, தாங்கியை அங்கே நிரப்புங்கள். ஆனால் பிரசல்ஸ் வட்டப்பாதையில் மாலை நாலு மணிக்கு மாட்டினால் மிச்சம் பிடித்த காசு பிளாஸ்க் தேத்தண்ணியோடு சேர்ந்து ஆறிவிடும். கலியாணத்துக்கு முதல் நாள் இரவே போய்ச் சேரவேண்டியவர் என்றால் நான் பேயாஜ் கட்டித்தான் போகச் சொல்வேன்.

“மூன்று நாளைக்குத்தான் சுவிஸ் போகிறோம். இணையத்தில் வின்யெட் (சுவிஸ் நெடுஞ்சாலையில் ஓடுவதற்கான கட்டணப் பட்டை) வாங்கினேன், 62 பிராங் எடுத்துவிட்டார்கள். மூன்று நாள் வின்யெட் இல்லையா?”
— மில்ரன் கீன்ஸ் வாசகர்

இல்லை அண்ணை. ஒஸ்ரியாவில் பத்து நாளுக்கு வாங்கலாம், சுவிஸில் ஒரே விலை, ஒரே காலம்: 40 பிராங், வருடம் முழுதும். 1985 இல் தொடங்கியபோது 30 பிராங், 1995 இலிருந்து 40. அதற்குப் பிறகு கூட்டவேயில்லை. சுவிஸில் விலை கூடாத பொருள் வேறு ஏதும் இருந்தால் எனக்கு எழுதுங்கள். ஒரு வின்யெட் உண்மையில் 14 மாதம் செல்லும். 2026 க்கானது 2025 டிசம்பர் 1 இலிருந்து 2027 ஜனவரி 31 வரை. அந்த நாட்களை வைத்துக் கணக்குப் பார்த்தால் இரண்டு தைப்பொங்கலுக்கு ஒரே வின்யெட்டில் போய் வரலாம்.

உங்களிடம் கூட எடுத்த 22 பிராங் இடைத்தரகர் காசு. 2023 ஓகஸ்ட் 1 இலிருந்து வின்யெட்டை மின்வடிவிலும் விற்கிறார்கள். சுவிஸ் சுங்கத் திணைக்களத்தின் சொந்தத் தளத்தில் சரியாக 40 பிராங்தான். தேடும்போது முதலில் வந்து நிற்கும் விளம்பரத் தளங்கள் பார்க்க அதே மாதிரி இருக்கும், சிவப்புக் கொடியில் வெள்ளைச் சிலுவையும் இருக்கும். அங்கே வாங்கினால் ‘சேவைக் கட்டணம்’ போடுவார்கள்.

மின்வடிவம் வண்டி இலக்கத்தோடு சேர்ந்தது. இலக்கத்தை அடிக்கும்போது கண்ணை விரித்து வைத்திருங்கள். எங்கள் ஆங்கில இலக்கத் தகட்டில் பூச்சியமும் ‘ஓ’ எழுத்தும் ஒரே வடிவம். 2001 க்குப் பிறகு வந்த சாதாரண இலக்கம் என்றால் மூன்றாவது, நாலாவது இடம் எப்போதும் எண். அங்கே வட்டமாக இருப்பது பூச்சியம்தான். ஒட்டுகிற ஸ்ரிக்கரும் இன்னும் எல்லையில் கிடைக்கும், ஆனால் அதை நேரடியாகக் கண்ணாடியிலேயே ஒட்டவேண்டும். தங்கையின் மச்சான் ஒருவர் மற்றக் காருக்கும் மாற்றலாம் என்று செலோரேப்பால் ஒட்டிக்கொண்டு திரிந்தார். பிடிபட்டபோது 200 பிராங் தண்டம், அதற்கு மேலே புது வின்யெட்டும் வாங்கவேண்டி வந்தது. இழுவை வண்டி கொழுவினால் அதற்குத் தனி வின்யெட்.

வின்யெட் இருந்தால் கொத்தார்ட் குகைப்பாதைக்கும் வேறு காசு இல்லை. கிட்டத்தட்ட 17 கிலோமீற்றர், 1980 இல் திறந்தது. ஆனால் இத்தாலிக்குப் போகும் பெரிய சென் பேர்னார்ட் குகைக்குத் தனியாகக் கட்டவேண்டும்.

“சுவிஸில் கமரா அடித்துவிட்டது. ஜெர்மன் கார்தானே, கட்டாமல் விட்டால் என்ன செய்வார்கள்?”
— டோட்முண்ட் வாசகர்

முந்தி ஒன்றும் செய்ய மாட்டார்கள். 2024 மே 1 இலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கிறது. 80 பிராங் அல்லது 70 யூரோவுக்கு மேற்பட்ட தண்டத்தை உங்கள் ஊரிலேயே அறவிடலாம். ஊருக்குள் 50 இல் ஓடவேண்டிய இடத்தில் 6 தொடக்கம் 10 வரை கூடினால் 120 பிராங். கட்டுங்கள். கமரா இருக்கும் இடம் சொல்லும் செயலி போனில் இருந்தால் சுவிஸ் எல்லைக்கு முன்னரே நிறுத்துங்கள். அங்கே அது தனிக் குற்றம்.

“பரிசிலிருந்து இல்போர்ட்டுக்குக் கலியாணம். 2012 டீசல் கார். லண்டனில் எந்த இடத்தில் பேயாஜ் வரும்?”
— லா கூர்நெவ் வாசகர்

வரவே வராது தம்பி, அதுதான் ஆபத்து. உங்கள் ஊரில் கூண்டு மறிக்கிறது, கட்டிவிட்டு மறந்துவிடலாம். இங்கே ஒருவரும் மறிப்பதில்லை. கமரா படம் எடுக்கும், கடிதம் பிறகு வீட்டுக்கு வரும்.

போக்ஸ்ரனிலிருந்து இல்போர்ட் போனால் டார்ட்போர்டில் தேம்ஸ் நதிக்குக் கீழால் குகையில் கடப்பீர்கள். அங்கே இருந்த கூண்டுகளை 2014 நவம்பரில் எடுத்துவிட்டார்கள். காலை 6 இலிருந்து இரவு 10 வரை கடந்தால் காருக்கு 3.50 பவுண்ஸ். மறுநாள் நடுச்சாமத்துக்குள் இணையத்தில் கட்டவேண்டும். இரவு பத்துக்குப் பிறகு கடந்தால் சும்மா.

அடுத்தது புகைக் கட்டணம், இங்கே ‘யூலெஸ்’ என்பார்கள். 2023 ஓகஸ்ட் 29 இலிருந்து லண்டனின் எல்லா நகரசபைப் பகுதிக்கும், இல்போர்ட்டும் அதற்குள். பொதுவாக 2015 செப்டெம்பருக்கு முந்திய டீசல் கார்கள் அதில் மாட்டும். நாளுக்கு 12.50 பவுண்ஸ், நத்தார் அன்று மட்டும் இல்லை. இங்கே நாள் என்பது நடுச்சாமம் தொடக்கம் நடுச்சாமம் வரை. மண்டபத்தில் ஐஸ்கிறீம் கொடுத்து முடிய ஒரு மணியாகும், நீங்கள் காரை எடுக்கும்போது மறுநாள் பிறந்துவிடும். ஒரு கலியாணம், இரண்டு கட்டணம். காரை நிறுத்தி வைத்தால் காசு இல்லை என்பதால் நடுச்சாமத்துக்கு முன் மாமா வீட்டு வாசலில் விட்டுவிடுங்கள். கட்டாமல் விட்டால் 180 பவுண்ஸ், 14 நாளுக்குள் கட்டினால் பாதி. புதுக் கார் வைத்திருக்கும் உங்கள் நண்பர்களுக்கும் சொல்லுங்கள்: வெளிநாட்டு இலக்கத்தை முன்கூட்டியே பதிந்தால்தான் அது சுத்தமான கார் என்று இங்கே தெரியும்.

இங்கே வேகப் பலகையில் 70 என்று இருந்தால் மைல். கிட்டத்தட்ட 113 கிலோமீற்றர்.

“முப்பது வருடம் இடது பக்கம் ஓடியவன். வலது பக்கம் ஓடமுடியுமா? வயது 66.”
— சவுத்தோல் வாசகர்

கலேயில் இறங்கும்போது எல்லாரும் கவனமாகத்தான் ஓடுவார்கள், அம்புக்குறியும் போட்டிருக்கிறார்கள். பிழை விடுவது அடுத்த நாள் காலை, தேத்தண்ணி குடித்துவிட்டு ஆள் இல்லாத பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியே எடுக்கும்போது. நானும் ஒருமுறை லக்சம்பேர்க்கில் அப்படி எடுத்து, எதிரே வந்த பால் வண்டிக்காரன் லைற் அடித்துத்தான் திருந்தினேன். அன்றிலிருந்து மனைவி ஸ்ரியரிங்குக்கு நேரே மஞ்சள் தாளில் ‘வலது’ என்று எழுதி ஒட்டுவார்.

பிரான்ஸில் சின்ன ஊர்களுக்குள் வலது பக்க ஒழுங்கையிலிருந்து வருகிறவருக்கு, வேறு குறி இல்லாவிட்டால், நீங்கள்தான் வழி விடவேண்டும். அவர் நிற்பார் என்று எதிர்பார்க்காதீர்கள். மோட்டர்வேயில் 130, மழை பெய்தால் 110. முன் லைற்றுக்கு ஒட்டுகிற கறுப்புத் துண்டை கப்பல் ஏற முன்னரே ஒட்டுங்கள், இல்லாவிட்டால் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்கும். ஒளிரும் மேலங்கி காருக்குள்ளே, கை எட்டும் இடத்தில் இருக்கவேண்டும், டிக்கிக்குள் அல்ல. கார் பழுதானால் வீதியில் வைக்கும் எச்சரிக்கை முக்கோணமும் எடுங்கள். காரின் பின்னால் ஒட்டும் நாட்டுக் குறியில் பழைய ‘ஜீபி’ ஸ்ரிக்கர் 2021 செப்டெம்பர் 28 உடன் முடிந்தது, இப்போது ‘யூகே’. லைசன்ஸ் அட்டையும் காரின் பதிவுப் புத்தகமும் மூலப்பிரதியாக. உங்கள் இன்சூரன்ஸ் வெளிநாட்டில் மூன்றாம் ஆளுக்கு மட்டும்தானா என்று ஒரு தொலைபேசி எடுத்துக் கேளுங்கள்.

66 வயதெல்லாம் ஒரு வயதா ஐயா. மஞ்சள் தாளுக்கு மட்டும் பெரிய எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.