‘டெங்கு’ தலைப்புதான், கேள்வி எங்கே?

“அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு ஒரு குழுவை அனுப்ப ஆசை. பிள்ளைகள் ‘டெங்கு’ என்று தலைப்பைச் சொல்லிவிட்டு நிற்கிறார்கள். ஆய்வுக் கேள்வியை நானே எழுதிக் கொடுத்தால் அது என் ஆய்வாகிவிடும். விட்டுவிட்டால் யூடியூபைப் பார்த்து எழுதிவிடுவார்கள். என்ன செய்ய?”
– ஓர் ஆசிரியை, விழுப்புரம் மாவட்டம்

எழுதிக் கொடுக்காதீர்கள் டீச்சர். உள்ளூர்ப் பிரச்சினையைப் பிள்ளைகளே ஆராய வேண்டும் என்றுதான் 1993 முதல் அந்த மாநாடு நடக்கிறது. “இந்தக் கேள்வி எப்படித் தோன்றியது?” என்று நடுவர் கேட்டால், பாவம், பிள்ளைகள் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள்.

முதலில் தெருவுக்கு அழைத்துப் போங்கள். சிமென்ட் தொட்டி, பழைய டயர், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல் என எல்லாவற்றையும் எட்டிப் பார்த்து, தோன்றுகிற கேள்விகளை நோட்டில் எழுதட்டும். அன்றைக்கு நீங்கள் எதற்கும் பதில் சொல்லக் கூடாது. நம் வாய் சும்மா இருக்காது, கஷ்டம்தான்.

மறுநாள் ஒவ்வொரு கேள்விக்கும், “இதற்கு விடை தெரிய எதை எண்ணுவாய், எதை அளப்பாய்?” என்று கேளுங்கள். ‘டெங்கு ஏன் பரவுகிறது?’ அங்கேயே படுத்துவிடும். ‘எதில் கொசுப்புழு அதிகம்?’ தேறும். ஆனால் தொட்டியையும் தேங்காய்ச் சிரட்டையையும் எப்படி ஒப்பிடுவது என்று சண்டை வரும். வரட்டும். ‘ஒரு டம்ளர் தண்ணீரில் எத்தனை புழு?’ என்று கேள்வி கூராவது அந்தச் சண்டையில்தான்.

“போன வாரம்தான் தொட்டியைக் கொட்டினோம் டீச்சர், மறுபடி புழு” என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டையை ஒட்டிவைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் தாங்கும். இதைச் சொல்லிவிடாமல், “முட்டை எங்கே இருந்திருக்கும்?” என்று மட்டும் கேளுங்கள். ‘வெறுமனே கொட்டி நிரப்பிய தொட்டி, சுவரைத் தேய்த்துக் கழுவி நிரப்பிய தொட்டி, எதில் புழு அதிகம்?’ என்ற இடத்துக்கு அவர்களே வரக்கூடும். புதிதாகக் கொசு வந்து முட்டையிட்டால்? இரண்டையும் துணியால் மூட வேண்டும் என்று ஒரு பிள்ளையாவது சொல்லும். அவ்வளவு தூரம் வராவிட்டாலும் பரவாயில்லை, டம்ளர் கேள்வியே நல்ல ஆய்வு.

முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் ஆகும். ஐந்தாம் நாளே எண்ணிவிட்டு, தண்ணீரை வெறும் தரையில் கொட்டச் சொல்லுங்கள்.

அப்புறம், கைவிட்ட கேள்விகளைக் கிழிக்க விடாதீர்கள். ஒரு கோடு போட்டு, ஏன் விட்டோம் என்று பக்கத்திலேயே எழுதட்டும். நடுவருக்குக் காட்ட அந்த நோட்டே போதும்.