பூசைக் களிம்பு, தியானக் களிம்பு: கேட்டவர்களுக்குப் பதில்

கும்பகோணம் பக்கம் எங்கள் வீட்டில் அப்பாயி காலத்திலிருந்தே களிம்பு காய்ச்சுகிறோம். பூசைக்கோ தியானத்துக்கோ உட்காரும் முன் நெற்றியிலும் மணிக்கட்டிலும் தொட்டுக்கொள்ள. அப்பாயிக்குப் பிறகு அந்த வேலை என் கைக்கு வந்தது. கேட்டவர்களுக்கு ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் மன்னார்குடி. போன ஐப்பசியில் துளசிக் களிம்பு செய்தேன். பத்தே நாளில் பூசணம் பிடித்துவிட்டது. எண்ணெய் மட்டமா?

எண்ணெய் மேல் பழி போடாதீர்கள் தங்கச்சி, தண்ணீர்தான் காரணம். பச்சைத் துளசியில் பெரும்பகுதி தண்ணீர்தான். அடைமழைக் காலத்தில் நம்ம ஊர்க் காற்றிலும் ஈரம். அதனால் மூலிகையைப் பங்குனி, சித்திரையிலேயே நிழலில் உலர்த்தி எடுத்து வைத்துவிடுங்கள். கையில் நொறுக்கினால் பொடியாக வேண்டும். மடங்கினால் இன்னும் காயவில்லை.

100 கிராம் நல்லெண்ணெயில் ஒரு கைப்பிடி காய்ந்த இலை. கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வேறொரு பாத்திரம் வைத்து, சிறு தீயில் இரண்டு மணி நேரம். நேரடித் தீயில் வைத்தால் வாசனை கருகிவிடும். வடிகட்டிய எண்ணெயில் பஞ்சுத் திரியை நனைத்துக் கொளுத்திப் பாருங்கள். சடசடவென்று பொரிந்தால் ஈரம் இருக்கிறது, திரும்பச் சூடாக்குங்கள். அமைதியாக எரிந்தால் சரி. அப்புறம் 20 கிராம் தேன்மெழுகு. அது 62 டிகிரிக்கு மேல்தான் உருகும், பொறுமையாகக் கிண்டுங்கள். ஒரு சொட்டைக் குளிர்ந்த எவர்சில்வர் தட்டில் விட்டால் பதம் தெரியும். கோடை வெயிலுக்கு மெழுகை 25 கிராமாகக் கூட்டுங்கள். டப்பாவைக் கழுவி வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே ஊற்ற வேண்டும். எடுக்கிற விரலும் உலர்ந்திருக்க வேண்டும். இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: நல்லெண்ணெய் வாசம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. தேங்காய் எண்ணெய் போடலாமா?

தாராளமாக. மார்கழிக் குளிரில் தானாகவே உறையும், அதனால் மெழுகைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐரோப்பாவில் சூனியக்காரிகள் ஒரு களிம்பைத் தடவிக்கொண்டு பறந்தார்களாம். அதில் சேர்த்த செடி நம்ம ஊர் ஊமத்தை இனமாமே? சிறிதளவு சேர்த்தால் தியானம் ஆழமாகுமா?

சேர்க்காதீர்கள் தம்பி. கெஞ்சிக் கேட்கிறேன். அந்தக் களிம்புகளில் சொல்லப்படும் பெல்லடோனா, ஹென்பேன், மாண்ட்ரேக் மூன்றும் ஊமத்தையின் குடும்பம்தான். அட்ரோபின், ஸ்கோபொலமின் என்ற நஞ்சு இவற்றில் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் ஆந்திரேஸ் லகுனா என்ற ஸ்பானிய மருத்துவர், பிடிபட்ட ஒரு பச்சைக் களிம்பை ஒரு பெண்ணுக்குத் தடவிப் பார்த்தார். 36 மணி நேரம் எழுப்ப முடியாமல் கிடந்தாள் என்று எழுதிவைத்திருக்கிறார். உடல் எங்கும் போகவில்லை, புத்திதான் மயங்கியது.

பயணக் குமட்டலுக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபொலமின் மருந்துப் பிளாஸ்திரி இருக்கிறது. 3 நாளைக்கும் சேர்த்து 1 மில்லிகிராம்தான் உடம்பில் இறக்கும். தோல் வழியாக அவ்வளவு போனாலே வேலை செய்கிற பொருள் அது. செடியிலோ, ஒரே புதரில் இலைக்கு இலை நஞ்சு மாறும். எந்தக் கை அதை அளக்கும்? வாய் வறண்டு, கண்மணி விரிந்து, நெஞ்சு படபடத்து, ஆளைத் தெரியாமல் பிதற்றுவார்கள். அப்படி யாரையாவது பார்த்தால் எலுமிச்சை, மோர் என்று நேரத்தைக் கடத்தாமல் 108ஐக் கூப்பிடுங்கள். ஊமத்தம் பூ சிவனுக்கு உகந்தது. அவருக்குச் சாத்துங்கள், கையைக் கழுவுங்கள், அதோடு விடுங்கள்.

கேள்வி: வெற்றிலையில் தடவிப் பார்க்கும் மையை வீட்டில் செய்ய முடியுமா அம்மா? நகை ஒன்று காணாமல் போயிருக்கிறது.

செய்யலாம். கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெய் விளக்கேற்றி, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்தால் கரி படியும். அதை நெய்யில் குழைத்தால் மை. கருத்த பளபளப்பை அசையாமல் பார்த்தால் பார்வை ஒடுங்கும், அது நல்ல பயிற்சி. ஆனால் அதில் தெரிகிற முகம் நம் மனதுக்குள் இருக்கிற முகம். எங்கள் தெருவில் மை பார்த்துச் சொன்னதை நம்பி, வீட்டு வேலைக்கு வந்த ஒரு பெண்ணைத் திருடி என்றார்கள். நகை பிறகு அரிசிப் பானைக்குள் இருந்தது. அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. தியானத்துக்கு வேண்டுமானால் மை செய்யுங்கள் அம்மா, நகையைத் தேட அது வேண்டாம்.

கேள்வி: வீட்டுக்காரர் மனம் மாற அவர் தலையணையில் ஏதாவது தடவலாமா?

அவருக்குத் தெரியாமல் எதையும் தடவாதீர்கள். உங்களுக்கென்று ஒன்று செய்து, நீங்கள் கொஞ்ச நேரம் அமைதியாக உட்காருங்கள்.

கேள்வி: கைக்குழந்தைக்குத் திருஷ்டிக்காகக் கற்பூரம் சேர்த்த களிம்பு?

கூடாது. கற்பூரம் குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். 2 வயதுக்குள் அந்த டப்பா பக்கத்திலேயே இருக்கக் கூடாது. வசம்பை உரைத்து ஊட்டுவதும் வேண்டாம். வளையலாகக் கட்டினாலும் வாயில் வைக்காமல் பாருங்கள்.

கேள்வி: தியானத்துக்கு எந்த வாசம் நல்லது? எத்தனை நாளில் பலன் தெரியும்?

எனக்கு வெட்டிவேர்தான். வேரைக் கழுவி, காயவைத்து, சிறிதாக நறுக்கி, எண்ணெயில் பதினைந்து நாள் வெயிலில் வைத்தால் ஈரமண் வாசம் இறங்கும். முழங்கையின் உட்புறம் ஒரு நாள் தடவிப் பார்த்து, அரிப்பு இல்லையென்றால் பயன்படுத்துங்கள். ஒரு டப்பாவைத் தியானத்துக்கென்றே ஒதுக்குங்கள். தினமும் அதே வாசத்தோடு உட்கார்ந்தால், சில வாரங்களில் மூடியைத் திறக்கும்போதே மூச்சு நிதானப்படும். அப்பாயி தன் டப்பாவைத் தலைவலிக்குக்கூடத் தரமாட்டார். அதற்கு நொச்சிக் களிம்பு வேறு டப்பாவில் இருக்கும்.