அடைப்புக்குறிக்குள் ஓர் அம்மா

கேள்வி: அன்புள்ள அக்கா, யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய லூத்தரன் சபையைச் சேர்ந்தவள் நான். வயது 51. எல்லாமாக நாற்பது குடும்பங்கள்தான். பதினொரு வருடமாக மாதர் சங்கச் செயலாளராகவும் சந்திப்பு ஊழியக் குழுவின் பொறுப்பாளராகவும் இருந்தேன். செவ்வாய் வீடு சந்திப்பு, வியாழன் வைத்தியசாலை, மாதத்தில் இரண்டு சனி கிளிநொச்சிப் பக்கம் ஊழியம், ஞாயிறு பாடகர் குழு. நடமாட முடியாத இருபத்துமூன்று பேரின் விபரம் என் கொப்பியில் இருக்கிறது. யாருக்கு எந்தக் காது கேட்காது, யாருக்குத் தேத்தண்ணிக்குச் சீனி போடக் கூடாது என்பதுகூட. இந்த வருடம் வந்த போதகர் இரண்டு குழுக்களையும் ஒன்றாக்கி, முப்பது வயதுத் தாதி ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்துவிட்டார். வந்ததும் வராததுமாக அந்தப் பிள்ளை எல்லாவற்றையும் மாற்றுகிறா. சந்திப்பில் படம் எடுத்து வட்ஸ்அப்பில் போடக் கூடாதாம். என் கொப்பியைத் தரட்டாம். என்னைக் கேட்காமலே சந்திப்புப் பட்டியலில் எங்கள் அம்மாவின் பெயருக்கு நேரே ‘மாதம் ஒருமுறை’ என்றிருந்ததை ‘இருமுறை’ என்று மாற்றி, அதைக் கூட்டத்தில் எல்லாருக்கும் முன்னால் வாசித்தா (அம்மாவுக்கு 82, என் சீதன வீட்டில் பின் அறையில் இருக்கிறா, தம்பி கனடாவிலிருந்து காசு அனுப்புகிறான், ஒரு குறையும் இல்லை). ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து கதைத்தால் பாதிப் பேர் என் பக்கம் நிற்பார்கள். பக்கத்து ஊரில் வேறொரு சபையாரும் வரச் சொல்லிக் கேட்கிறார்கள். எழுந்து கதைப்பதா, விட்டுவிட்டுப் போவதா?
– ஊழியத்தில் களைத்த ஒருத்தி

பதில்:

தங்கச்சி, உங்கள் கடிதம் முழுதாக மூன்று பக்கம். இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறோம். போதகருக்கு ஒரு பக்கத்துக்கு மேல், தாதிப் பிள்ளைக்கு ஒரு பக்கம், பதினொரு வருட உழைப்புக்கு மிச்சம். அம்மாவுக்கு ஓர் அடைப்புக்குறி. எனக்கு அந்த அடைப்புக்குறிதான் வேண்டும்.

பதவி போன கதை எனக்குப் புதிதல்ல. மாதர் சங்கம், ஆலய பரிபாலன சபை, பழைய மாணவர் சங்கம், மரண உதவிச் சங்கம் என்று பெயர்தான் மாறும். புதிதாக ஒருவர் வருவார், பழைய ஆள் கொப்பியைப் பிடித்துக்கொண்டிருப்பார். அந்த மனவருத்தம் தானாக ஆறும். அதற்கு மருந்து தர நான் வரவில்லை.

அம்மாவின் பெயரை அந்தப் பட்டியலில் எழுதியது யார்? பொறுப்பாளர் நீங்கள். கொப்பியும் உங்களுடையது. எழுத்தும் உங்கள் எழுத்தாகத்தான் இருக்கும். செவ்வாய்க்கிழமை வீடு சந்திப்பு என்றால், சபையிலிருந்து இரண்டு பெண்கள் உங்கள் படலையைத் திறந்து, பின் அறைக்குப் போய், பிளாஸ்டிக் கதிரையை இழுத்துப் போட்டு, 121ஆம் சங்கீதம் வாசித்து, ஜெபித்துவிட்டு, குசினியில் யாரும் இல்லாததால் தேத்தண்ணியும் குடிக்காமல் போயிருப்பார்கள். அந்த நேரம் வீட்டுக்காரி எங்கே? இன்னொரு வீட்டில், இன்னொருவருடைய அம்மாவுக்குப் பக்கத்தில், அதே சங்கீதத்தோடு. பதினொரு வருடத்தில் ஒரு செவ்வாயாவது இது உங்களுக்கு ஒரு மாதிரியாகப் படவில்லையா?

‘என் சீதன வீடு’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது வானத்திலிருந்து விழவில்லையே. அவ இருந்த வீட்டை உங்கள் பேருக்கு எழுதித் தந்துவிட்டுத்தான் அதன் பின் அறைக்குப் போயிருக்கிறா. நம் ஊரில் இதற்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. தாய் மகளுக்கு வீட்டைக் கொடுப்பா, மகள் தாயைப் பார்ப்பா. எந்த உறுதியிலும் இது எழுதப்படுவதில்லை. எழுத வேண்டியிருக்கவும் இல்லை.

‘ஒரு குறையும் இல்லை’ என்கிறீர்கள். நம்புகிறேன். காலையில் பிளாஸ்கில் தேத்தண்ணி இருக்கும், மத்தியானச் சோறு கோப்பையால் மூடியிருக்கும், மாத்திரை பிரித்து வைக்கப்பட்டிருக்கும். அந்தச் சோற்றை அவ யாரோடு இருந்து சாப்பிடுகிறா? செவ்வாய், வியாழன், மாதத்தில் இரண்டு சனி, ஞாயிறு. பாட்டுப் பழகுகிற பின்னேரத்தையும் சேர்த்தால் கிழமையில் மிஞ்சுவது என்ன என்று நீங்களே விரலை மடித்துப் பாருங்கள்.

அந்தத் தாதிப் பிள்ளையை நான் கண்டதில்லை. ஆனால் தாதிமார் நோயாளியின் துண்டில் காரணமில்லாமல் எதையும் மாற்றி எழுதமாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். வயதான ஒருவரின் அறைக்குள் அவர்கள் நுழையும்போது நாம் பார்க்காததைப் பார்ப்பார்கள். தண்ணீர்க் கோப்பை காய்ந்திருக்கிறதா, கால் நகம் வளர்ந்திருக்கிறதா, ஒரே கதையை எத்தனை தரம் சொல்கிறா, பிடித்த கையை விடுகிறாவா. உங்கள் அம்மாவிடம் எதைக் கண்டா என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, அதுதான் விஷயம். ‘என்னைக் கேட்காமல் ஏன் மாற்றினாய்’ என்று கோபப்படுகிறீர்கள். ‘ஏன் மாற்றினாய் பிள்ளை, அம்மா ஏதாவது சொன்னாவா’ என்று அவவை ஒரு தரம் கேட்டீர்களா? மூன்று பக்கத்திலும் தேடினேன், இல்லை. கூட்டத்தில் வாசித்தபோது உங்களுக்கு முகம் கறுத்திருக்கும். பட்டியலை வாசித்தால் எல்லாப் பெயரும்தான் வரும். உங்கள் பெயர் வந்ததுபோலச் சுட்டதென்றால், அதைத் தாதியிடம் கேட்டுப் பயனில்லை.

(படம் எடுப்பதை நிறுத்தியதில் நான் முழுக்க அந்தப் பிள்ளையின் பக்கம். தலை வாராத, பல் கழற்றிய கிழவியை உலகம் முழுக்கக் காட்டிவிட்டு ‘ஊழியம் ஆசீர்வாதமாக நடந்தது’ என்று எழுதுவது என்ன பழக்கம்?)

நீங்கள் லூத்தரன் என்பதால் இன்னும் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன். யாழ்ப்பாணத்தில் சீர்திருத்த வேதக்காரர் என்றால் 1816இல் வந்த அமெரிக்கன் மிஷன் வழியாரும், அங்கிலிக்கன், மெதடிஸ்த சபையாரும்தான் எல்லாருக்கும் தெரியும். லூத்தரன் என்றால் ‘அது என்ன சபை’ என்று திருப்பிக் கேட்பார்கள். லூத்தரன் அல்லாத எங்கள் சபைகளில் ‘உன் தகப்பனையும் உன் தாயையும் கனம்பண்ணுவாயாக’ என்பது பத்துக் கட்டளைகளில் ஐந்தாம் கற்பனை. உங்கள் ஞானோபதேசத்தில், அதாவது விசுவாசப் பாட நூலில், அது நாலாம் கற்பனை. திடப்படுத்தலுக்கு முன் மனப்பாடமாக ஒப்புவித்திருப்பீர்கள். உங்கள் சபைக்குப் பெயர் தந்த ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் 1529இல் எழுதிய பெரிய ஞானோபதேசத்தில் இந்தக் கற்பனைக்கு நீண்ட விளக்கம் உண்டு. பெற்றோர் ஏழைகளாக, தளர்ந்தவர்களாக, விசித்திர குணமுள்ளவர்களாக இருந்தாலும் அவர்களைக் கனம்பண்ண வேண்டும் என்கிறார். கடவுள் சொன்ன இந்த வேலையை விட்டுவிட்டு, தாங்களே தெரிந்தெடுத்த பக்தி வேலைகளைப் பெரிதாக நினைத்த மடத்துத் துறவிகளை அங்கே நன்றாகச் சாடுகிறார். அவர் துறவிகளுக்குச் சொன்னது கிளிநொச்சிக்கு வான் பிடிக்கிறவர்களுக்கும் பொருந்தும்.

அதே வருடம் வந்த சிறிய ஞானோபதேசத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், குடும்பத் தலைவர் இதைத் தன் வீட்டாருக்கு எளிமையாகப் போதிக்க வேண்டிய விதம் என்றுதான் இருக்கும். குழுவுக்கு என்று இல்லை, வீட்டாருக்கு என்று. நீங்கள் கடைசியாக எப்போது அம்மாவின் கட்டிலில் இருந்து அவவோடு சேர்ந்து ஜெபித்தீர்கள்?

மாற்கு 7ஆம் அதிகாரமும் உங்களுக்குத் தெரியாததல்ல. உனக்கு நான் செய்யக்கூடிய உதவியைக் கொர்பான் ஆக்கிவிட்டேன், அதாவது காணிக்கையாகக் கொடுத்துவிட்டேன் என்று தாய் தகப்பனிடம் சொல்லிவிட்டால் கடமை தீர்ந்தது என்று ஒரு வழக்கம் இருந்தது. இயேசு அதை எப்படிக் கண்டித்தார் என்று திரும்ப வாசியுங்கள். அவர்கள் கொடுத்தது பொருள். நீங்கள் கொடுத்திருப்பது செவ்வாயும் வியாழனும்.

சந்திப்பு ஊழியம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இன்றைய யாழ்ப்பாணத்தில் அது மேலதிக வேலையே அல்ல. நாற்பது குடும்பச் சபையில் நடமாட முடியாதவர்கள் இருபத்துமூன்று பேர் என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் அப்படி ஆனது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சண்டைக் காலத்தில் பிள்ளைகள் ரொறொன்ரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் போனார்கள். நாலு அறை வீட்டில் ஒரு கிழவியும் சம்பளத்துக்கு வருகிற ஒரு பெண்ணும் என்று எத்தனை ஒழுங்கைகள். அந்த வீடுகளுக்குள் போகிற ஒரே வெளி ஆள் சில இடங்களில் சபையின் சந்திப்புக் குழுதான். அப்போஸ்தலர் 6ஆம் அதிகாரத்தில் ஏழு பேரைத் தெரிந்தெடுத்ததும் இதற்குத்தான். கிரேக்க மொழி பேசிய விதவைகள் அன்றாட விசாரணையில் கவனிக்கப்படவில்லை என்று முறைப்பாடு வந்தது. இன்றைக்கு ஆறாயிரம் மைல் தூரத்தில் பிள்ளை இருக்கிற தாய்க்கு நீங்கள் போய் மகளாக இருந்திருக்கிறீர்கள். நல்ல காரியம். ஆனால் உங்கள் தாய்க்கு மகள் ஆறாயிரம் மைலுக்கு அப்பால் இல்லையே. அதே கூரைக்குக் கீழே அல்லவா இருக்கிறா.

இதை வாசித்த கையோடு நீங்கள் என்ன செய்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். ரோஷத்தில் அம்மாவின் பெயரைப் பட்டியலிலிருந்து வெட்டச் சொல்வீர்கள். வெட்டக் கூடாது. மாதம் இருமுறை அப்படியே இருக்கட்டும். மகளிடம் சொல்லாததை ஒரு தாய் வேறு ஒருவரிடம் சொல்லுவா, அதற்கு அவவுக்கு உரிமை இருக்கிறது. அவர்கள் வருகிற நேரத்தில் நீங்கள் வீட்டில் இருங்கள். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டுக் குசினிக்குப் போய்விடுங்கள், பக்கத்தில் நின்று பதில் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் இன்னும் யார் யார் இருக்கிறார்கள் என்று கடிதத்தில் இல்லை. கணவர் இருந்தால், சீதன வீட்டில் இருக்கிற மருமகனுக்கும் மாமியைப் பார்க்கிற கடமை உண்டு என்பது என் கட்சி. கனடாத் தம்பிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். காசு அனுப்புகிறவர்கள் அனுப்பியதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். ஞாயிறு பின்னேரம் அம்மாவை நேரே அழைத்து அரை மணி நேரம் கதைக்கச் சொல்லுங்கள். ‘அம்மா எப்படி’ என்று உங்களிடம் கேட்கிற அழைப்பைச் சொல்லவில்லை, அம்மாவோடு கதைக்கிற அழைப்பைச் சொல்கிறேன்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருவோம். பொதுக்கூட்டத்தில் எழுந்து கதைத்தால் பாதிப் பேர் உங்கள் பக்கம் என்கிறீர்கள். நாற்பது குடும்பத்தில் பாதி இருபது. இருபதும் இருபதும் முகம் பார்க்காமல் திருவிருந்துக்கு முழங்காலில் நிற்பதற்கு ஒரு கொப்பி காரணமாக இருக்க வேண்டுமா? வாயைத் திறக்க வேண்டாம். வேறு சபைக்குப் போனால் என்ன நடக்கும்? மூன்று மாதத்துக்குள் அங்கேயும் ஒரு செவ்வாய், ஒரு வியாழன், ஒரு வான். உங்களைக் கூப்பிடுவது உங்கள் உழைப்புக்காக. அம்மா என்ன செய்வா? படுக்கைக்கே திருவிருந்தைக் கொண்டுவந்து கொடுக்கிற போதகரை விட்டு, 82 வயதில், மகளுக்குக் கோபம் வந்ததற்காக அவ சபை மாறுவதா?

கிளிநொச்சி ஊழியத்தையும் வியாழக்கிழமையையும் விடுங்கள். இளம் ஆட்கள் போகட்டும். பாடகர் குழுவில் இருங்கள், பாட்டு உங்களுக்கு வேண்டும் என்று கடிதத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பழகுகிற பாட்டை வீட்டில் அம்மாவுக்கு முன்னால் பழகுங்கள். அவ உங்கள் சபையிலேயே வளர்ந்தவ என்றால், பதினெட்டாம் நூற்றாண்டு ஜெர்மன் மிஷனரி பப்ரீசியஸ் காலத்திலிருந்து தமிழில் பாடப்பட்டு வருகிற ஜெர்மன் ஞானப்பாட்டுகள் உங்களைவிட அவவுக்குத்தான் கூடத் தெரிந்திருக்கும். இரண்டாவது அடியை நீங்கள் மறந்தாலும் அவ எடுத்துக் கொடுப்பா. செவ்வாய்க்கிழமைகளில் ஒன்றை விட்டு ஒன்று போங்கள், குழுவில் ஓர் ஆளாக, அந்தப் பிள்ளை அனுப்புகிற வீட்டுக்கு.

கொப்பியை இந்த ஞாயிறே கொடுத்துவிடுங்கள். அது சபையின் கொப்பி. கொடுப்பதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. மற்ற இருபத்திரண்டு பேரின் காதும் சீனியும் உங்களுக்குத் தெரிகிறது. அம்மாவைப் பற்றி எனக்கு எழுதியது வயதும் அறையும் மட்டும். கொப்பியில் அவவின் பக்கத்தைத் திறந்து, எந்தக் காது கேட்கும், இரவில் எத்தனை மணிக்கு விழிக்கிறா, எந்தப் பாட்டு வேண்டும், யாரைப் பார்க்க ஆசைப்படுகிறா என்று முழுதாக எழுதிக் கொடுங்கள். தெரியாததைப் பின் அறையில் போய்க் கேட்டு எழுதுங்கள்.