தேய்ந்த காசா, அச்சு சரியாக விழாத காசா?

தேவகோட்டையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அப்பத்தாவின் தகரப் பெட்டியில் ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாய் பதினாறு கிடைத்தனவாம். எல்லாம் 1918ஆம் ஆண்டுக் காசு. வீட்டுக்கு வந்து பார்த்த வியாபாரி, “ராஜா கிரீடமும் யானையும் மழுங்கிப் போச்சும்மா, வெள்ளி விலைதான் தேறும், அதிலும் தேய்மானம் கழிக்கணும்” என்றாராம். பெட்டியை விட்டு வெளியே போகாத காசு எப்படித் தேயும், நன்றாக விளக்கிப் பளிச்சென்று வைத்தால் விலை கூடுமா என்று கேட்கிறார்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். விளக்காதீர்கள். விபூதி வேண்டாம், புளி வேண்டாம், பற்பசை, சபீனா எதுவுமே வேண்டாம். குத்துவிளக்குக்கு நல்லது செய்கிற கை, காசுக்குக் கெடுதல் செய்துவிடும். விபூதி வைத்துத் தேய்த்த காசில் மயிரிழை போல நூற்றுக்கணக்கான கீறல்கள் விழும். விளக்கடியில் ஒரு சுற்றுச் சுற்றினாலே அவை தெரிந்துவிடும். அதன் பிறகு அந்தக் காசுக்குச் சேகரிப்பாளர் விலை கிடைக்காது. கறுத்திருந்தால் கறுப்பாகவே இருக்கட்டும்.

சரி, தேய்மானத்துக்கு வருவோம். காசு அடிக்கும்போது அச்சின் அழுத்தத்தில் வெள்ளி நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நகர்கிறது. அப்போது கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வரிகள் மேற்பரப்பில் உண்டாகின்றன. புதுக்காசை விளக்கடியில் சாய்த்துத் திருப்பினால் ஒரு ஒளிப்பட்டை அதன் மேல் சக்கரம் போலச் சுற்றும். அதற்கு இந்த வரிகள்தான் காரணம். விரலும் மடியும் பணப்பையும் பட்டுப் பட்டு முதலில் அழிவது இந்த வரிகள், அதுவும் மேடான இடங்களில். ஆகவே தேய்மானம் என்றால் “உருவம் தெரிகிறதா” என்று மட்டும் பார்க்கக் கூடாது, “ஒளி எங்கே அறுகிறது” என்று பார்க்க வேண்டும்.

செய்து பாருங்கள். மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கு போதும். காசை விளிம்பில் மட்டும் பிடியுங்கள். ஐந்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று இருந்தால் நல்லது. உங்கள் காசின் தலைப்பக்கத்தில் மேடான இடங்கள் கிரீடத்தின் நடுப்பட்டை, காதின் மேல் மடிப்பு, புருவம், தாடி, மேலங்கியில் இருக்கிற சின்ன யானை. இந்த இடங்களில் ஒளிப்பட்டை அறுந்து, சாம்பல் நிறத்தில் மங்கலான திட்டு தெரிந்தால் அது தேய்மானம். யானை தட்டையாக இருந்தாலும் ஒளி அதன் மேலே தடையில்லாமல் ஓடினால் காசு தேயவில்லை, அச்சு சரியாக விழவில்லை என்று பொருள். அப்படிப்பட்ட இடத்தில், அடிபடாத வெள்ளித் தகட்டின் பழைய சொரசொரப்பு நுண்ணிய குழிகளாக மிஞ்சியிருக்கலாம். காசைத் திருப்பிப் பூப்பக்கத்தில் அதே இடத்துக்கு நேர் பின்னால் பாருங்கள், பெரும்பாலும் அங்கேயும் மழுங்கல் இருக்கும். இரண்டு பக்கமும் நிரம்ப அங்கே வெள்ளி போதவில்லை.

1918 ரூபாயில் இதை மறக்கவே கூடாது. முதல் உலகப் போர்க் காலத்தில் இந்தியாவில் வெள்ளிக்குக் கடும் தட்டுப்பாடு. அமெரிக்கா அந்த ஆண்டு ஒரு சட்டமே போட்டு, 25 கோடிக்கும் மேற்பட்ட தன் வெள்ளி டாலர்களை உருக்கி இந்தியாவுக்காக விற்றது. பம்பாயும் கல்கத்தாவும் கோடிக்கணக்கில் ரூபாய் அடித்துத் தள்ளின. அவ்வளவு காசு அடிக்கிற அச்சு தானும் தேயும். அப்படித் தேய்ந்த அச்சில் பிறந்த காசு பிறக்கும்போதே மழுங்கல்தான். உங்கள் வியாபாரிக்கு இது தெரியாமல் இருக்க முடியாது.

இன்னொரு மோசடியையும் சொல்லிவிடுகிறேன். 1911ஆம் ஆண்டு ரூபாயில் யானை பன்றி போலத் தெரிகிறது என்று எதிர்ப்பு வந்து, அடுத்த ஆண்டே உருவத்தைத் திருத்தினார்கள். அதனால் ‘பன்றி ரூபாய்’க்குத் தனி விலை. இதை வைத்துக்கொண்டு, தேய்ந்துபோய்ப் பன்றி மாதிரி ஆன பிந்தைய காசுகளையும் அந்தப் பெயரில் விற்கிறார்கள். ஆண்டைப் படியுங்கள். 1911 இல்லையென்றால் அது பன்றி ரூபாய் இல்லை.

உங்கள் விஷயத்தில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பெட்டியில் இருந்ததாலேயே தேயவில்லை என்று முடிவு கட்டாதீர்கள். அப்பத்தா அந்தக் காசுகளை எப்போதாவது மாலையாகக் கோத்து அணிந்தாரா? நம் பக்கம் வளையம் பற்றவைத்த வெள்ளிக் காசு ஏராளம். கழுத்தில் கிடந்த காசில் ஒரு பக்கம் மட்டும் தேயும். உடம்பில் உரசிய பக்கம் வழுவழுவென்று இருக்கும், மறுபக்கம் நேற்று அடித்தது போல இருக்கும். கடைக்காரர் நல்ல பக்கத்தை மட்டும் படமெடுத்துப் போட்டு விற்றுவிடுவார். வாங்குகிறவருக்கும் சொல்கிறேன், இரண்டு பக்கத்துக்கும் தனித்தனியாகத் தரம் பாருங்கள், குறைந்த தரமே காசின் தரம். விளிம்பையும் தடவிப் பாருங்கள். வளையத்தை எடுத்துவிட்டு ராவியிருந்தால் பன்னிரண்டு மணி இடத்தில் விளிம்பு வரிகள் அறுந்திருக்கும், பற்றுப்பொடியின் நிறம் மாறித் தெரியும். அந்தக் காசை எவ்வளவு அழகாக இருந்தாலும் குறையுள்ளது என்றுதான் சொல்ல வேண்டும்.

தரத்தின் பெயர்கள் உங்களைக் குழப்ப வேண்டாம். எங்குமே ஒளி அறாவிட்டால் யூ.என்.சி., அதாவது புழக்கத்துக்கே போகாத காசு. மேட்டு முனைகளில் மட்டும் லேசாக அறுந்திருந்தால் ஏ.யூ. எழுத்துகளின் இடுக்கில் மட்டும் பளபளப்பு மிஞ்சியிருந்தால் எக்ஸ்.எஃப். யானையின் வடிவம் தெரிந்து உள்வேலைப்பாடு போயிருந்தால் வி.எஃப். விற்கும்போது எல்லாமே யூ.என்.சி., வாங்கும்போது எல்லாமே தேய்ந்தது. சந்தையில் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

‘தேய்மானம் கழிக்கணும்’ என்ற பேச்சுக்கு இடமே கொடுக்காதீர்கள். இந்த ரூபாயின் முறையான எடை 11.66 கிராம். அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி, அதாவது சுமார் 10.7 கிராம். அன்றைய நாணயச் சட்டப்படி இரண்டு சதவீதத்துக்கு மேல் எடை குறைந்தால் காசு செல்லாது. அந்த இரண்டு சதவீதம் என்பது 0.23 கிராம். உங்கள் கண் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள், இருக்கிற எடைக்கு விலை கேளுங்கள். கழிவு என்று பத்து சதவீதம் கேட்டால் கதவைச் சாத்துங்கள்.

வெளிநாட்டு நிறுவனத்துக்கு அனுப்பித் தரச் சான்று வாங்கலாமா என்றும் பலர் கேட்கிறார்கள். 1918 காசுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி அதை நீங்களாக நாட்டை விட்டு அனுப்ப முடியாது. சிலைக்கும், கோடிக்கணக்கில் அடித்த ஒரு ரூபாய்க்கும் ஒரே கட்டுப்பாடு! சரி, அனுப்ப வேண்டாம் என்றால் இங்கேயே நம்பகமான ஏற்பாடு வேண்டாமா? ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் இடைத்தரகர் சொல்லை நம்பியே திறக்க வேண்டியிருக்கிறது. பழைய காசை விற்றுத் தருகிறேன் என்று ரிசர்வ் வங்கி பெயரைச் சொல்லிக் கமிஷன் கேட்பவர்களும் உண்டு. தனக்கும் அவர்களுக்கும் தொடர்பில்லை என்று அந்த வங்கியே 2021ஆம் ஆண்டு அறிவித்தது. முன்பணம் கேட்டால் பேச்சை நிறுத்துங்கள்.

இப்போதைக்குப் பதினாறையும் ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனிக் காகித உறையில் போடுங்கள். ஒளி அறாதவற்றை ஒரு பக்கமும், ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தவற்றை இன்னொரு பக்கமும் பிரித்து வையுங்கள். முதல் குவியலில் இரண்டே இரண்டு தேறினாலும், அவற்றை அந்த வியாபாரியிடம் காட்டாமல் குறைந்தது மூன்று பேரிடம் விலை கேளுங்கள்.