எண்பதுகளின் சிறந்த படம் எது?

கேள்வி: நான் பாளையங்கோட்டையில் வசிக்கும் ஓய்வுபெற்ற அரசு ஊழியன். வ.உ.சி. மைதானத்துக்குக் காலை நடைக்கு வரும் நாங்கள் நால்வர், எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் பொங்கல் மலருக்காக எண்பதுகளின் சிறந்த பத்துத் தமிழ்ப் படங்களைத் தேர்ந்தெடுக்க முனைந்தோம். என்னைப் பொறுத்தவரை ‘நாயகன்’தான் முதலிடம், அமெரிக்காவின் டைம் இதழே அதைத் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஒரு நண்பர் ‘வீடு’ என்கிறார். இன்னொருவர், மதுரையில் ஓராண்டுக்கு மேல் ஓடிய ‘கரகாட்டக்காரன்’ இல்லாத பட்டியல் ஒரு பட்டியலா என்கிறார். நான்காமவர், எண்பதுகள் என்றால் 1981 முதல் 1990 வரைதான் என்று சாதிக்கிறார். பேச்சு முற்றியதில், “வாழைப்பழக் காமெடிக்கெல்லாம் முதலிடம் கொடுக்க முடியுமா?” என்று நான் கேட்டுவிட்டேன். கரகாட்டக்காரனுக்காக வாதாடிய நண்பர், நையாண்டி மேளத்தில் தவில் வாசித்த தாய்மாமாவோடு சிறு வயதில் கோயில் கொடை விழாக்களுக்கு ஊர் ஊராகப் போனவர். அன்றிலிருந்து அவர் நடைக்கு வருவதில்லை. என் தங்கை மகனோ, “மாமா, நீங்கள் எல்லோரும் உங்கள் இளமைக்குத்தான் ஓட்டுப் போடுகிறீர்கள்” என்று சிரிக்கிறான். அவன் சொல்வது சரியா? பட்டியலை எப்படி முடிப்பது?

பதில்: அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் மருமகன் சொல்வது பாதி சரி. எண்பதுகளில் ஒரு படம் திரையரங்கில் மட்டும் ஓடவில்லை; டீக்கடை ஒலிபெருக்கியிலும், பாட்டுகளின் பெயரை எழுதிக் கொடுத்துப் பதிவு செய்துகொண்ட கேசட்டிலும், வெள்ளிக்கிழமை இரவு தூர்தர்ஷனின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சியிலும் அது ஓடிக்கொண்டே இருந்தது. இருபது வயதில் அப்படி உடம்போடு ஒட்டிக்கொண்ட படத்தை அறுபது வயதில் தனியே பிரித்தெடுத்து எடை போடுவது எளிதன்று. ஆனால் இளமையில் பிடித்தது என்ற காரணத்துக்காகவே ஒரு படம் தரம் குறைந்ததாகிவிடாது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். அவருடைய தலைமுறையும் இன்னும் இருபது ஆண்டுகளில் இதே சிரிப்பை வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறொன்று. நால்வரும் மூன்று படங்களுக்காக இவ்வளவு சண்டையிட்டும், உங்களில் ஒருவர்கூட ஒரே ஒரு காட்சியை எடுத்து வைத்து வாதாடியதாகத் தெரியவில்லை. நீங்கள் டைம் இதழைச் சொல்கிறீர்கள், அவர் ஓடிய நாட்களைச் சொல்கிறார், இன்னொருவர் நாட்காட்டியைச் சொல்கிறார். படத்துக்குள் என்ன இருக்கிறது என்பதை யாரும் சொல்லவில்லை. இந்த வழக்கு தீராமல் இழுப்பதற்கு அதுவே காரணம் என்பது என் எண்ணம்.

நாட்காட்டி விவகாரத்தை முதலில் முடித்துவிடுவோம். நூற்றாண்டுக் கணக்கை 1-இல் தொடங்க வேண்டும் என்பதில் நான்காமவர் கட்சி சரியே. ஆனால் ‘எண்பதுகள்’ என்பது எட்டில் தொடங்கும் எண்களைக் குறிக்கும் பேச்சு வழக்கு. அதன்படி 1980 உள்ளே, 1990 வெளியே. அவர் சொல்கிறபடி செய்தால், மகேந்திரனின் ‘நெஞ்சத்தைக் கிள்ளாதே’, பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’, ‘ஒரு தலை ராகம்’ ஆகிய 1980-ஆம் ஆண்டுப் படங்களை இழந்து, 1990-இன் ‘அஞ்சலி’யையும் ‘மறுபக்க’த்தையும் பெறுவீர்கள். இந்தியாவின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைத் தமிழுக்கு முதன்முதலாகக் கொண்டுவந்த ‘மறுபக்கம்’ மீது அவருக்கு ஆசை இருந்தால், அதை நேராகச் சொல்லிவிடுவது கணக்கு வாத்தியாராவதைவிட நல்லது.

அடுத்து, ஓடிய நாட்கள். அன்று ஒரு படத்துக்குப் போடப்பட்ட பிரதிகள் குறைவு. பெருநகரத்தில் ஓரிரு அரங்குகளில் வெளியாகி, அங்கே ஓய்ந்த பிறகு சிறு ஊர்களுக்குப் போய், கடைசியில் டூரிங் டாக்கீஸின் மணல் தரைக்கு வந்து சேரும். ஆகவே நூறு நாள், வெள்ளி விழா என்பவை மக்கள் விருப்பத்தை மட்டுமல்லாமல், படம் ஊருக்குள் பரவிய வேகத்தையும் சேர்த்தே காட்டுகின்றன. நூற்றுக்கணக்கான திரைகளில் ஒரே நாளில் வெளியாகும் இன்றைய படத்தோடு அந்த எண்ணிக்கையை ஒப்பிட முடியாது. அப்படியிருந்தும், ஒரே ஊரில் ஓராண்டுக்கு மேல் ஒரு படம் ஓடியது என்றால், பார்த்தவர்களே திரும்பத் திரும்பப் பார்த்தார்கள் என்றுதான் பொருள். எதைப் பார்க்க அவர்கள் திரும்பி வந்தார்கள் என்று உங்கள் நண்பரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், பேச்சு படத்துக்குள் போயிருக்கும்.

நீங்கள் முன்வைத்த சாட்சியும் இதைவிட வலுவானதன்று. டைம் இதழ் 2005-இல் வெளியிட்ட நூறு படங்களின் பட்டியல், ரிச்சர்ட் கார்லிஸ், ரிச்சர்ட் ஷிக்கல் என்ற இரண்டு விமர்சகர்கள் தேர்ந்தெடுத்தது. அதில் ஒரு தமிழ்ப் படம் இடம்பெற்றது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் அந்த இருவரும் எத்தனை தமிழ்ப் படங்களைப் பார்த்துவிட்டு அந்த முடிவுக்கு வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். உலகத்தின் பெரிய பட்டியல்களும் நிலைத்து நிற்பதில்லை. பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒரு முறை விமர்சகர்களிடம் வாக்கெடுப்பு நடத்துகிறது. முதல் முறை வென்ற ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ அடுத்த முறையே முதலிடத்தை இழந்தது. 1952-இல் முதல் பத்துக்குள்ளேயே வராத ‘சிட்டிசன் கேன்’ 1962 முதல் 2002 வரை ஐந்து முறை தொடர்ந்து முதலிடம் பெற்றது. 2012-இல் ‘வெர்டிகோ’ அதை இறக்கியது. 2022-இல் ஷான்டால் ஆக்கர்மன் என்ற பெண் இயக்குநரின் 1975-ஆம் ஆண்டுப் படம் அந்த இடத்துக்கு வந்தது. படங்கள் அப்படியேதான் இருந்தன. வாக்களிக்க அழைக்கப்பட்டவர்கள் மாறினார்கள். உங்கள் பட்டியலும் பாளையங்கோட்டையில் நால்வர் ஒரு மார்கழியில் போட்ட பட்டியலாகவே இருக்கும், இருக்கட்டும்.

இப்போது படங்களுக்கு வருவோம். ‘நாயக’னும் ‘வீடு’ம் இதற்கு முன்பே ஒரு முறை நேருக்கு நேர் நின்றிருக்கின்றன என்பது உங்களுக்கு நினைவிருக்கிறதா? 1987-ஆம் ஆண்டுக்கான தேசிய விருதுகளில் ‘நாயகன்’ மூன்று விருதுகளைப் பெற்றது: நடிப்புக்காகக் கமல்ஹாசன், ஒளிப்பதிவுக்காகப் பி.சி.ஸ்ரீராம், கலை இயக்கத்துக்காகத் தோட்டா தரணி. ஆனால் அதே ஆண்டின் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதைப் பெற்றது ‘வீடு’. சிறந்த நடிகை விருதும் அதில் நடித்த அர்ச்சனாவுக்கே போனது. நடுவர் குழுவின் தீர்ப்பே இறுதி என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் அந்தப் பிரிப்பில் ஒரு நியாயம் தெரிகிறது. தாராவியைச் சென்னை ஸ்டுடியோவுக்குள் கட்டி எழுப்பியதும், முகத்தின் ஒரு பாதியை இருட்டிலேயே விட்டுவிடத் துணிந்த அந்த ஒளியும், இளைஞன் கிழவனாகும் வரையிலான அந்த நடிப்பும் தமிழ் சினிமாவின் தொழில் தரத்தையே உயர்த்தி வைத்தன. பின்னால் வந்த எத்தனையோ பேர் அங்கிருந்துதான் பாடம் படித்தார்கள். கதையின் எலும்புக்கூடு மட்டும், காப்போலாவின் ‘காட்ஃபாதர்’ பார்த்தவர்களுக்கு ஆங்காங்கே வெளியே தெரியும். தந்தையின் தொழிலை மகள் சாருமதி நேருக்கு நேர் நின்று கேள்வி கேட்கும் காட்சியில்தான் அந்தப் படம் முழுக்கத் தன் சொந்தக் குரலில் பேசுகிறது என்று நான் கருதுகிறேன். பேரன் கேட்கும் கேள்வியை ஊரே சொல்லிச் சொல்லித் தேய்த்துவிட்டது. மகள் கேட்டதைத்தான் யாரும் சொல்லிக் காட்டுவதில்லை.

என் வாக்கு எதற்கு என்று நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன், பாலு மகேந்திரா இயக்கிய ‘வீடு’. சென்னையில் வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டதால், சொந்தமாக வீடு கட்டத் துணியும் நடுத்தர வர்க்கத்துப் பெண் ஒருத்தியின் கதை அது. பாட்டு கிடையாது, சண்டை கிடையாது. கடன், அனுமதி, லஞ்சம், ஒப்பந்தக்காரர், சிமெண்டு மூட்டை என்று போகும் கதையில், அடுத்து என்ன ஆகுமோ என்ற பதற்றம் எந்தத் துப்பறியும் படத்துக்கும் குறைந்ததன்று. சிமெண்டு திருடப்படுவதை வெளிச்சத்துக்குக் கொண்டுவருபவள் அங்கே சித்தாள் வேலை செய்யும் மங்கம்மா. பசி சத்யா நடித்த அந்தப் பெண், படித்தவர்கள் தயங்கி நிற்கும் இடத்தில் ஒப்பந்தக்காரரை எதிர்த்துப் பேசுகிறாள். பிறகு, சொக்கலிங்க பாகவதர் நடித்த தாத்தா, பாதி கட்டிய வீட்டைப் பார்க்கத் தனியே வரும் பகுதி. பூசாத சுவரைத் தடவிப் பார்க்கிறார், ஒவ்வோர் அறையாக நடக்கிறார். வசனம் எதுவும் தேவைப்படவில்லை. இளையராஜா அதற்கு முன்பே தனி இசைத் தொகுப்பாக வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’டிலிருந்து எடுத்த இசைதான் படத்தின் பின்னணி. அந்த முதியவரின் நடையைப் பார்த்துவிட்டு, சொந்த வீடு கட்டிய எந்தத் தமிழராலும் பேசாமல் எழுந்து போக முடியாது.

‘கரகாட்டக்கார’னை நீங்கள் கையாண்ட விதம் எனக்கு ஒப்புதல் இல்லை. 1989-இல் வந்த அந்தப் படத்துக்கு நான் முதலிடம் தரமாட்டேன். காதல், வில்லன், தீமிதி என்று கதை பழைய தடத்திலேயே போய் முடிகிறது. ஆனால் நீங்கள் ஏளனம் செய்த அந்தக் காட்சியைத் திரும்பப் பாருங்கள். அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றில் நகைச்சுவை, கதைக்குத் தொடர்பில்லாமல் தனியே எடுத்து ஒட்டப்பட்டிருக்கும். இதிலோ கவுண்டமணி கரகாட்டக் குழுவின் தவில்காரர், செந்தில் நாயனக்காரர். ஆட்டம் இல்லாத நாளில் ஒரு மேளக் குழுவுக்கு வாய்க்கும் வெட்டிப் பொழுது, கையில் இருக்கும் ஒற்றை ரூபாய், அதில் வாங்கச் சொன்ன இரண்டு பழம், ஓடாத பழைய கார், மூத்தவரின் அதட்டல், இளையவரின் அசட்டுத் துணிச்சல் ஆகிய எல்லாம் அந்தக் குழுவின் வாழ்க்கையிலிருந்து வருகின்றன. எத்தனை முறை கேட்டாலும் அதே பதில், அதே குரல், அதே முகம். அந்த அளவில் ஒரு இழை கூடினாலும் குறைந்தாலும் காட்சி விழுந்துவிடும். தவில்காரரின் மருமகனிடம் போய் அதை மட்டமாகப் பேசினீர்கள். உங்களுக்கு அது வாழைப்பழம். அவருக்கு அது தாய்மாமாவின் குழு. நீங்களாகவே அவர் வீட்டுக்குப் போய், அந்தக் குழுக்கள் கொடை முடிந்த பிறகு எப்படி ஊர் திரும்பின, கூலியை எப்படிப் பிரித்துக்கொண்டன, படம் எதைச் சரியாகக் காட்டியது, எதைச் சினிமாவுக்காக மாற்றியது என்று கேளுங்கள். மன்னிப்பு என்ற சொல்லைவிட இந்தக் கேள்விக்கு அவர் சீக்கிரம் இறங்கி வருவார். உங்கள் மலருக்கு ஒரு நல்ல கட்டுரையும் கிடைக்கும்.

பட்டியலுக்கு நான் சொல்லும் முறை எளியது. பேசத் தொடங்குவதற்கு முன்பே ஒவ்வொருவரும் தனித்தனியே பத்துப் படங்களை எழுதிக் கொடுத்துவிடுங்கள். வரிசை எண் வேண்டாம், ஒவ்வொரு படத்துக்கும் ஒரே வாக்கு. சைட் அண்ட் சவுண்டும் இப்படித்தான் செய்கிறது. முதலில் பேசிவிட்டு எழுதினால், குரல் உயர்ந்தவரின் பட்டியலையே மற்றவர்களும் எழுதுவார்கள். படத்தின் பெயருக்கு எதிரே, தேர்ந்தெடுத்தவர் ஒரு காட்சியை எழுத வேண்டும். காட்சி நினைவுக்கு வராமல் பாட்டு மட்டும் வந்தால், அந்தப் படம் இசைப் பட்டியலுக்கு உரியது. ‘தண்ணீர் தண்ணீர்’, ‘ஏழாவது மனிதன்’, ‘மூன்றாம் பிறை’, ‘முதல் மரியாதை’, ‘வேதம் புதிது’ போன்றவை உங்கள் சண்டையில் பெயரளவுக்குக்கூட வரவில்லை என்பதையும் கவனித்தேன். மூன்று படங்களின் இரைச்சலில் ஒரு பத்தாண்டே காணாமல் போயிருக்கிறது.

சிக்கலான மூன்று படங்களையும் மருமகனோடு உட்கார்ந்து, ஓட்டித் தள்ளாமல், மறுபடி பார்த்துவிடுங்கள். பார்த்து முடித்ததும் ஒவ்வொருவரும் தமக்குப் பிடிக்காத படத்தின் சார்பில் ஐந்து நிமிடம் பேச வேண்டும் என்று வைத்துக்கொண்டால், உங்களுக்குக் ‘கரகாட்டக்காரன்’ விழும்.

ஒரு எச்சரிக்கை: மூன்றும் ஒரே நிலையில் உங்கள் முன் வந்து நிற்கப் போவதில்லை. ‘நாயகன்’ புதுப்பிக்கப்பட்டு 2023-இல் மீண்டும் திரையரங்குக்கே வந்தது. அதன் இருட்டும் வெளிச்சமும் தெளிவாகத் தெரியும். ‘வீடு’ படத்தின் மூல நெகட்டிவ் அழிந்துபோனதைப் பாலு மகேந்திரா தம் கடைசிக் காலத்தில் வேதனையோடு சொல்லி, தமிழுக்கு ஒரு திரைப்பட ஆவணக் காப்பகம் வேண்டும் என்று கேட்டுவந்தார். ஆகவே மங்கிப்போன பிரதியைப் பார்த்துவிட்டு, படமே மங்கலாக எடுக்கப்பட்டது என்று மருமகன் முடிவு கட்டிவிடாதபடி முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தொலைக்காட்சிக்காக வெட்டப்பட்ட பிரதிகளைத் தவிருங்கள். முழு நீளம் என்று உறுதியான பிறகே போடுங்கள்.

மலரில் அச்சிடும்போது பத்துப் படங்களையும் அகர வரிசையில் கொடுத்து, ஒவ்வொன்றின் கீழும் தேர்ந்தெடுத்தவரின் பெயரையும் அந்தக் காட்சியைப் பற்றி அவர் எழுதிய நாலு வரியையும் போடுங்கள். முதலிடம் யாருக்கு என்று சங்கத் தலைவர் கேட்டால், அகர வரிசையில் ‘ந’வையும் ‘வ’வையும் ‘க’ முந்திக்கொள்ளும் என்பதை அவரிடம் இப்போதே சொல்லி வைப்பது நல்லது.