மழைமானிக்குப் புதிய பலகை வேண்டுமா?

அன்புள்ள அண்ணா,

தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன். எங்கள் லயத்துக்குப் பின்னால் செங்குத்தான சரிவு. மண்சரிவுப் பயத்தால் இரவு மழையை அளக்க, சிறு வாளி நிரம்பி நிரம்பிக் கவிழும் வகை மழைமானி ஒன்று செய்துகொண்டிருக்கிறேன். கவிழ்வுகளை எண்ண, ஆர்டுயினோ யூனோ என்ற சிறு மின்னணுப் பலகை கையில் இருக்கிறது. அதைவிடப் புதிய ராஸ்பெரி பை பிக்கோ 2 பலகைக்கு மாறட்டுமா?
— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

வேண்டாம். இந்த மழைமானியை யூனோவிலேயே முடியுங்கள். தென்மேல் பருவமழை தொடங்கும்போது அது வெளியில் நின்று எண்ணிக்கொண்டிருக்க வேண்டும்.

வாளி ஒருமுறை கவிழ்ந்தால் 0.2 மில்லிமீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 100 மில்லிமீற்றர் கொட்டினாலும் 500 தடவைதான், ஏழு விநாடிக்கு ஒன்று. இதை எண்ண யூனோவின் 2 கிலோபைட் நினைவகம் தாராளம். பிக்கோ 2இன் 520 கிலோபைட்டுக்கு இங்கே வேலை இல்லை.

அப்புறம், 2024 ஆகஸ்டில் பிக்கோ 2 வெளிவந்தபோது அதன் ஆர்பி2350 சில்லில் (சிப்) ஒரு குறை இருந்தது. அது உங்கள் மழைமானியையே நேராகப் பாதிக்கக்கூடியது. ரீட் சுவிட்சை (வாளி கவிழும்போது காந்தத்தால் ஒரு கணம் மூடும் சுவிட்ச்) 3.3 வோல்ட்டில் இணைத்து, சில்லுக்குள் இருக்கும் புல்-டவுனை (இணைப்பைச் சுழிய வோல்ட்டுக்கு இழுக்கும் தடை) நம்பினால், சுவிட்ச் திறந்த பிறகும் சில்லின் அந்த இணைப்புக் கால் சுழியத்துக்கு இறங்காமல் 2 வோல்ட்டுக்குச் சற்று மேலே நின்றுவிடலாம். சுவிட்ச் மூடியே இருப்பதாகப் பலகை நினைப்பதால், முதல் கவிழ்வோடு எண்ணிக்கை நின்றுவிடும். விடிய விடிய மழை அடித்தாலும் திரையில் 0.2தான். தயாரித்தவர்களே இதை இ9 என்ற எண்ணில் பதிவுசெய்து, 2025இல் வந்த ஏ4 பதிப்பில் திருத்தினார்கள். ஆனால் கடையில் பழைய ஏ2 சரக்கும் இருக்கலாம். அது கிடைத்தால் சுவிட்சை நிலத்தொடுப்பில் (கிரவுண்ட்) இணைத்துப் புல்-அப் (இணைப்பை மேல் வோல்ட்டுக்கு இழுக்கும் தடை) பயன்படுத்துங்கள், அதற்கு இந்தக் குறை இல்லை. யூனோவுக்குள் புல்-அப் மட்டும்தான் உண்டு என்பதால் ஒருவேளை ஏற்கனவே அப்படித்தான் இணைத்திருப்பீர்கள்.

பிக்கோ 2 நல்ல பலகை. ஒன்று வாங்கி மேசையில் வைத்துப் பழகுங்கள். அறிமுக விலை 5 டொலர்தான். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போனால் யூனோவும் கூட ஒன்று வாங்கி வாருங்கள். மழைக்காலத்தில் இருப்பது எரிந்துபோனால், அடுத்ததற்காகக் கொழும்புக்கு பஸ் ஏற வேண்டியிருக்கும்.

வெளியில் வைக்கும் முன், 100 மில்லிலீற்றர் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஊற்றி, வாளி எத்தனை தடவை கவிழ்கிறது, திரையில் எத்தனை ஏறுகிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். சரிவில் வெடிப்போ, திடீரென்று கலங்கல் ஊற்றோ தெரிந்தால், மானி என்ன காட்டினாலும் சரி, எல்லோரையும் எழுப்பிக்கொண்டு வெளியேறிவிடுங்கள்.