கிறுக்கல், தார், அட்டைப்பெட்டி: ஆப்பிரிக்கத் தெரு ஓவியங்கள் பற்றிக் கேள்வி பதில்

போன வாரம் அபூதியா என்கிற ஓவியரின் படம் ஒன்றைப் பகிர்ந்திருந்தேன். அதையொட்டி வந்த கேள்விகள் இவை. ஆப்பிரிக்கா முழுவதையும் பேசப்போவதில்லை. பெரும்பாலும் ஐவரி கோஸ்ட்டின் பெருநகரமான அபிஜான், அப்புறம் கொஞ்சம் ஜிம்பாப்வே தலைநகர் ஹராரே.

அக்கா, எல்.கே.ஜி. பிள்ளை கிறுக்கியது மாதிரி இருக்கிறதே, இதைப் போய் ஏன் கொண்டாடுகிறார்கள்?

கிறுக்கத் தெரிந்தே கிறுக்கியது, தம்பி. 1983இல் ஐவரி கோஸ்ட்டில் பிறந்த அப்துலாயே தியாராசூபாதான் அபூதியா. அபிஜானை ஒட்டிய பாஞ்சேர்வில் ஊரின் கலைப்பள்ளியில் முறையாகப் படித்தவர். தெருப் பிள்ளைகள் சுவரில் கரியாலும் சாக்பீஸாலும் வரைந்துவைத்த பெரிய தலைகளையும் வட்டக் கண்களையும்தான் அவர் தன் கேன்வாஸுக்குக் கொண்டுவந்தார். அந்தப் பிள்ளைகள் பேசுவது 'நூஷி' என்கிற தெருமொழி. பிரெஞ்சும் ஜூலாவும் இன்னும் சில உள்ளூர் மொழிகளும் கலந்தது. அவருடைய பாணிக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அடியில் செய்தித்தாள், பத்திரிகைத் துண்டுகள். அதன்மேல் அக்ரிலிக் வண்ணம். எல்லாவற்றுக்கும் மேலே ஆயில் ஸ்டிக் (குச்சி வடிவில் வரும் எண்ணெய் வண்ணம்) கோடுகள். வண்ணம் மெலிந்த இடத்தில் அச்சடித்த எழுத்து எட்டிப்பார்க்கும். ஒட்டு, அதன்மேல் பூச்சு, அதன்மேல் கிறுக்கல் என்று ஒரு நகரச் சுவருக்கு என்னென்ன நடக்குமோ அதெல்லாம் இந்தப் படத்துக்கும் நடந்திருக்கிறது.

அவர் வெளியுலகில் பேர்பெற்றது 2011இல். தேர்தலில் தோற்ற அதிபர் பக்போ பதவியை விட மறுத்ததால் அபிஜான் தெருக்களிலேயே சண்டை மூண்டது. நாடு முழுக்கச் சுமார் 3,000 பேர் இறந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது அபூதியா நிலவறையில் பதுங்கி, அடங்கியதும் வெளியே பார்த்துவிட்டு வந்து வரைந்தார். மண்டையோடும் ஆயுதம் ஏந்திய ஆட்களும் அந்தப் படங்களில் நிறைந்தது அப்படித்தான்.

பாஸ்கியாவை அப்படியே காப்பி அடித்த மாதிரித் தெரிகிறதே?

சுவர்க் கிறுக்கலிலிருந்து பேர்பெற்ற நியூயார்க் ஓவியர் பாஸ்கியா. இதைக் கேட்காத ஆளே இல்லை. சாயல் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் நியூயார்க்கிலிருந்து மட்டும் கோடு போட்டால் பாதிக் கதை விட்டுப்போகும். 1970களிலேயே அபிஜான் நுண்கலைக் கல்லூரி மாணவர்கள், வெளிநாட்டு கேன்வாஸும் வண்ணமும் கட்டுப்படியாகாமல், மரப்பட்டைத் துணி, மணல், கயிறு, கிளிஞ்சல் என்று கையில் கிடைத்ததை வைத்து வேலை செய்தார்கள். வோஹூ-வோஹூ என்று பெயரெடுத்த இயக்கம் அது. பாஸ்கியாவே 1986 அக்டோபரில் தன் படங்களோடு அபிஜானுக்கு வந்தார். அப்போது அபூதியாவுக்கு மூன்று வயது. 1988 ஜனவரியில் பாரிஸில் அபிஜான்காரரான ஓவியர் வத்தாரா வாட்ஸைச் சந்தித்து பாஸ்கியா நெருங்கிய நண்பரானார். ஏலக்கூடங்களுக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? 'ஆப்பிரிக்க பாஸ்கியா' என்றால் விலை சொல்வது சுலபம்.

ஏழைப் பிள்ளைகளை வரைந்து லட்சக்கணக்கில் விற்பது சரியா? அந்தப் பிள்ளைகளுக்கு என்ன கிடைத்தது?

நியாயமான கேள்வி. 2022இல் ஏலத்தில் அபூதியாவின் படங்கள் 75 கைமாறின. எண்ணிக்கையில் அந்த ஆண்டு சமகாலக் கலைஞர்களில் அவர்தான் முதலிடம். ஏல லாபத்தில் பெரும்பகுதி முன்பே வாங்கி வைத்திருந்தவருக்குப் போகும், வரைந்தவருக்கு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிள்ளைகளுக்கும் இளம் ஓவியர்களுக்கும் என்று அவர் ஓர் அறக்கட்டளை நடத்துகிறார். அது போதுமா என்றால் போதாதுதான். ஆனால் அவர் படத்துப் பிள்ளைகள் கையேந்தி நிற்பதில்லை. பல்லைக் காட்டி நம்மை முறைக்கிறார்கள். பரிதாபத்தை விற்கும் படத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு என்பது என் கட்சி.

தாரில்கூட வரைகிறார்களாமே? அது நிற்குமா?

அர்மான் புவாவைச் சொல்கிறீர்கள். அவரும் அபிஜான், அவருக்கும் பொருள் தெருப் பிள்ளைகள்தான். பிரித்த அட்டைப்பெட்டியில் தாரும் அக்ரிலிக்கும் பூசி, தேய்த்து, மேல்தாளை உரித்து எடுக்கிறார். முகம் பாதி அழிந்து, உருவம் மட்டும் கறுப்பாக மிஞ்சும். தெருவில் படுப்பவருக்கு அட்டைதானே பாய்!

நிற்குமா என்றால், சந்தேகம்தான். தார் முழுசாக இறுகாது, வெயிலில் இளகும். 18ஆம் நூற்றாண்டில் தாரிலிருந்து எடுத்த பழுப்பு வண்ணத்தை நம்பிய ஆங்கில ஓவியர் ரெனால்ட்ஸின் படங்களே வெடித்துச் சுருங்கிக் கிடக்கின்றன. வாங்குகிறவர் குளிர்ந்த அறையில் வைத்துக்கொள்ளட்டும்.

அபிஜானைத் தாண்டி ஒருவரைச் சொல்லுங்கள் என்றால்?

யோசிக்காமல் சொல்வேன்: ஹராரேயின் காரெத் நியாண்டோரோ. அவர் வரைவதில்லை, கீறுகிறார். தடித்த தாளில் கூர்மையான பிளேடால் நூற்றுக்கணக்கில் கீறி, மேலே மை பூசி, பிறகு தாளின் மேலடுக்கை உரித்துவிடுவார். கீறலுக்குள் இறங்கிய மை மட்டும் தங்கும். செப்புத்தகட்டில் கோடு செதுக்கி மை நிரப்பி அச்செடுக்கும் எட்சிங் வேலையைத் தாளிலேயே செய்வது போல. இந்தச் செய்முறைக்கு ஷோனா மொழியில் அவர் வைத்த பெயர் குச்செக்கச்செக்கா.

பொருள், நடைபாதை வியாபாரிகள். சில சமயம் படம் சுவரோடு நிற்காமல் தரைக்கும் இறங்கி, கடை விரித்த மாதிரிப் பரவும். ஹராரேயில் இது அரசியல் இல்லாத விஷயமே அல்ல. 2005இல் அரசு நடைபாதைக் கடைகளையும் குடிசைகளையும் இடித்துத் தள்ளியதில் வீட்டையோ பிழைப்பையோ இரண்டையுமோ இழந்தவர்கள் சுமார் ஏழு லட்சம் என்றது ஐ.நா. 2008இல் பணவீக்கம் கோடிக்கணக்கான சதவீதத்துக்குப் போனது. சம்பள வேலை போனவர்கள் மறுபடி நடைபாதைக்கே வந்தார்கள். துரத்தினால் நொடியில் சுருட்டிக்கொண்டு ஓட வேண்டிய கடை. அந்த அவசரம் அவருடைய கீறல்களில் இருக்கிறது.

பெண்கள் யாருமே இல்லையா?

நிறையப் பேர். இந்த வட்டத்துக்குள் என்றால் ஜோவானா ஷுமாலி. ஓவியர் இல்லை, புகைப்படக்காரர். 2016 மார்ச்சில் அபிஜானுக்குப் பக்கத்துக் கடற்கரை ஊரான கிராண்ட்-பாசாமில் பயங்கரவாதத் தாக்குதல் நடந்தது. சில வாரம் கழித்து அங்கே போய், தனியாக நடப்பவர்களையும் உட்கார்ந்திருப்பவர்களையும் செல்போனில் எடுத்தார். அதைத் துணியில் அச்சிட்டு வண்ண நூலால் எம்ப்ராய்டரி செய்தார். அந்த வரிசைக்குத்தான் 2019இல் பிரி பிக்டே என்கிற சர்வதேசப் புகைப்படப் பரிசு.

கும்பகோணத்தில் நுண்கலை படிக்கிறேன். செய்தித்தாள் ஒட்டி வரைந்தால் ஆறு மாதத்தில் மஞ்சளாகிவிடுகிறது. என்ன செய்ய?

செய்தித்தாளில் லிக்னின் (மரக்கூழிலிருந்து வரும் பொருள்) அதிகம். வெளிச்சம் பட்டால் பழுப்பாகத்தான் செய்யும். எழுத்து நிலைக்க வேண்டுமென்றால் அமிலமில்லாத தாளில் லேசர் பிரின்ட் எடுத்து அதை ஒட்டு. அசல் தாள்தான் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அக்ரிலிக் மீடியம் (நிறமி சேராத அக்ரிலிக்) பூசு. பழுப்பேறுவது தள்ளிப்போகும், நிற்காது. மைதாப் பசை வேண்டவே வேண்டாம், கரப்பான் வரும். அக்ரிலிக்மேல் ஆயில் ஸ்டிக் போடலாம், ஆயில்மேல் அக்ரிலிக் போட்டால் உரியும். ஆயில் ஸ்டிக் தொட்டுப் பார்க்கும் அளவுக்குக் காயவே சில நாள் ஆகும். ரிவ்யூவுக்கு முந்தின ராத்திரி அதைக் கையில் எடுக்காதே.